அப்பாவ வெளிய அனுப்பிட்டு எழுது

அந்த ஷட்டரக் கொஞ்சம் இறக்கிவிடுங்க தம்பி, வெயிலு மூஞ்சிலயே அடிக்கி. ஆங், போதும். சங்கரன்கோயில்ல ஏறுனதுலேருந்து பாக்கேன், புஸ்தகத்த விட்டு நிமிரவே இல்ல நீங்க. கதைப் புஸ்தகமா? சரி சரி, படிங்க. நான் ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். இந்தக் கதை எழுதுறவங்கல்லாம் வீட்ல உள்ளவங்களப் பத்தித்தான் எழுதுவாங்களா? இல்ல, சும்மா மனசுல தோணுறத எழுதுறதா? உங்களுக்கும் தெரியாதா? சரி விடுங்க.

எம் மக எழுதுதா. அதுக்குத்தான் கேட்டேன்.

நான் சொரிமுத்து. சமையல் காண்ட்ராக்டு. கோயில்பட்டி வட்டாரத்துல கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு எதுன்னாலும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க. இன்னைக்கும் சங்கரன்கோயில்ல ஒரு வேலை பேசிட்டுத்தான் வாரேன். என்னையப் பத்தி யார்கிட்ட வேணாலும் கேளுங்க, ஒண்ணுதான் சொல்லுவாங்க. கைச்சுத்தம், வாய்ச்சுத்தம். வாயில வச்ச மாத்திரத்துல சொல்லிருவேன். நல்லால்லன்னா நல்லால்ல, அவ்வளவுதான். போன வைகாசில ஒரு கல்யாணம். பந்திக்கு இலை போட்டாச்சு. ரசத்த வாயில வைக்கேன், புளி பச்சையா நிக்கி. அண்டாவோட சாய்ச்சுட்டேன் சாக்கடைல. அத வச்சவன் ரொம்ப வருசமா எங்கூட இருக்கிறவன். பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் நிக்கும்போதுதான் கேட்டேன், நீயெல்லாம் எதுக்கு அடுப்பு முன்னால நிக்கன்னு. தனியாக் கூப்பிட்டுச் சொன்னா மண்டைல ஏறாது தம்பி. நாலு பேரு முன்னால சொல்லணும். மறுநாள்லேருந்து அவன் வரல. வராட்டாப் போறான்.

வீட்லயும் அப்படித்தான். எம் பொண்டாட்டி உலகம்மா நல்லாத்தான் சமைப்பா. ஆனா வந்த நாள்லேருந்து இன்னை வரைக்கும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. சொல்லக் கூடாது. சொன்னா கை அசந்துரும். உப்பு தூக்கல், கடுகு கருகிட்டு, அத மட்டும்தான் சொல்லணும். அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. வாயில்லாப் பூச்சி. அவ பேசி நான் கேட்டதே கொறைச்சல்.

ஒரே பிள்ளை எங்களுக்கு. செண்பகவல்லி. பி.காம் முடிச்சிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசுல இருக்கா. எம்மேல பாசம்னா அப்படி ஒரு பாசம். நான் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் சாயங்காலம் ஆச்சுன்னா போன் வந்துரும். "அப்பா, எத்தன மணிக்கு வருவீங்க?" ஒரு நாள் தவறாது. நேரமாகும் தாயின்னு சொன்னா, "சரிப்பா, ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க"ம்பா. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இப்படி விசாரிக்கி, சொல்லுங்க.

அவ முதல்ல ஒரு கதை எழுதுனா. ஒரு மாசப் பத்திரிகைல வந்துச்சு. என்ன கதைங்கீங்க? ஒரு சமையல்காரரு. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு வெறும் வயித்தோட வீட்டுக்கு வாராரு. வரும்போது மகளுக்கு ஒரு லட்டு இலைல மடிச்சுக் கொண்டாராரு. ஒரு அதட்டல் கிடையாது, ஒரு ஏச்சு கிடையாது. தங்கமான மனுசன். மக தூங்குனதுக்கப்புறம் அவ காலப் புடிச்சுவிடுதாரு. படிக்கும்போது எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. நான் காலெல்லாம் புடிச்சுவிட்டதில்ல, அது வேற. ஆனா பிள்ளை மனசுல நம்ம அப்படி இருக்கோம்லா? நூறு ஜெராக்ஸ் எடுத்து, வேலை பேசப் போற வீட்டுக்கெல்லாம் ஒண்ணு குடுத்தேன். எப்படி இருக்குன்னு அவ கேட்டா. ரெண்டு எடத்துல எழுத்துப் பிழை இருக்குன்னு சொன்னேன். நல்லாருக்குன்னு சொல்லல. நான்தான் சொன்னேன்லா, கை அசந்துரும்.

அப்புறம்தான் வந்துச்சு வினை.

எங்க ஊரு லைப்ரரி மாடில மாசம் ஒருக்க இவங்கல்லாம் கூடுவாங்க. எழுதுறவங்க, படிக்கிறவங்க. ஒரு வியாழக்கிழம எம் மக சாப்பிட்டுக்கிட்டே அவ அம்மாட்ட மெதுவாச் சொல்லுதா, "ஞாயித்துக்கிழம என் கதைக்கு விமர்சனக் கூட்டம் வச்சிருக்காங்கம்மா"ன்னு. எங்கிட்ட சொல்லல. நாந்தான் காதுல வாங்கிட்டேன். கூட்டம்னா எனக்குத் தெரியாதா தம்பி? எத்தன கூட்டத்துக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். மாலை, பொன்னாடை, போட்டோ, நாலு பேரு நாலு நல்ல வார்த்தை. கூட்டம்னா அதான? "நீங்க வர வேண்டாம்ப்பா, அது வேற மாதிரி இருக்கும்"னா. வெக்கப்படுதான்னு நெனச்சேன்.

என் மச்சினன் கோமதிநாயகத்துக்கு ஒரு போனப் போட்டேன். மாப்ள, ஒரு பிளக்ஸ் அடின்னேன். எம் மக படத்தப் பெருசாப் போட்டு, மேல "பாராட்டு விழா"ன்னு அடிச்சுட்டான். நாந்தான் அப்படி அடிக்கச் சொன்னேன். ஒரு வேன் புடிச்சேன். சொந்தக்காரங்க, தெருக்காரங்க, என் கூட வேலை பாக்கிற பயலுவ, எல்லாரும் ஏறியாச்சு. நானே அடுப்புல நின்னு கேசரி கிண்டினேன். முந்திரி, திராட்சை, நெய்யி மினுங்குது.

போய்ப் பாத்தா, மாடில ஒரு பத்துப் பேரு பிளாஸ்டிக் சேர்ல வட்டமா உக்காந்திருக்காங்க. மைக் இல்ல, மேடை இல்ல. நாங்க ஒரு வேன் ஆளு உள்ள போறோம். எம் மக எங்களப் பாத்தா பாருங்க. சந்தோசத்துல பேச்சு வரலன்னுதான் அப்ப நெனச்சேன். எல்லாருக்கும் கேசரி குடுத்தேன். விமர்சனம் பண்ண வந்தவரு ஞானதுரைன்னு, தபாலாபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. ஒல்லியா, கண்ணாடி போட்டு, அசங்காம உக்காந்திருந்தாரு. அவருக்கு நானே பொன்னாடையப் போர்த்துனேன். "இதெல்லாம் எதுக்குங்க"ன்னாரு. இருக்கட்டும் சார்ன்னேன். அவருக்கு எதித்தாப்ல ஒரு சேரப் போட்டு உக்காந்தேன்.

அவரு எந்திரிச்சாரு. முதல் வார்த்தை என்ன சொன்னாருங்கீங்க? "கேசரிக்கு நன்றி. இனிப்பு ஜாஸ்தி. ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. இந்தக் கதையும் அப்படித்தான் இருக்கு."

தம்பி, எனக்கு உச்சந்தலைல ஏறிட்டு. என் கேசரிய ஒருத்தன் குத்தம் சொன்னது அன்னைக்குத்தான் முதல் தடவை. அதுவும் நாலு பேரு முன்னால! ஒரு மனுசன்கிட்ட குத்தம் இருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதான? அதுவும் சின்னப் பிள்ளை. இப்பத்தான் எழுத ஆரம்பிச்சிருக்கு. அது மனசு என்ன பாடுபடும்?

அவரு நிப்பாட்டல. "இந்த அப்பா மனுசனே இல்ல, சாமி படம். வீட்ல மாட்டி மாலை போடலாம், கூட உக்காந்து சாப்பிட முடியாது. இந்தக் கதைல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்கு ஒரு வரி பேச்சு இல்ல. எழுதுன பிள்ளைக்கு நல்லா எழுத வருது. ஆனா அது யாருக்கோ பயந்து எழுதியிருக்கு"ன்னாரு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாக்காங்க. எதுக்கு என்னையப் பாக்கணும்? அந்த அம்மா பேசலன்னா, அவ வீட்லயே பேச மாட்டா, அதுக்குப் பிள்ளை என்ன பண்ணும்? அப்புறம் எம் மகளப் பாத்துச் சொல்லுதாரு, "அம்மா, அந்த அப்பாவ வெளிய அனுப்பிட்டு எழுது. கதை நிக்கும்."

நான் எந்திரிக்கப் போனேன். அதுக்குள்ள எம் மக கேக்கா. அழல தம்பி. நான் அழுவான்னு நெனச்சேன், அழல. சின்னக் குரல்ல கேக்கா, "அப்பாவ வெளிய அனுப்பிட்டா, அப்புறம் அந்த வீட்ல என்ன சார் இருக்கும்?"

"அது உனக்குத்தான் தெரியும்"ன்னாரு அவரு.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கல. யாரல வெளிய அனுப்பச் சொல்லுத, தபால் பிரிச்ச பயலுக்குக் கதையப் பத்தி என்னல தெரியும்னு கேட்டுட்டு, நான் போர்த்துன பொன்னாடைய நானே உருவிட்டேன். அவரு அசையல. கண்ணாடி மட்டும் கழண்டு கீழ விழுந்துட்டு. எம் மக குனிஞ்சு அத எடுத்துத் தொடச்சு அவரு கைல குடுத்தா. குடுத்துட்டு எங்கிட்டத் திரும்பி, "அப்பா, உக்காருங்க"ன்னா.

பிறந்ததுலேருந்து அவ என்னைய உக்காருன்னு சொன்னதில்ல. நான் உக்காந்துட்டேன். ஏன் உக்காந்தேன்னு இன்னை வரைக்கும் தெரியல.

வேன்ல திரும்புனோம். கேசரிச் சட்டி உருண்டுக்கிட்டே வந்துச்சு. நான் அவளையே பாத்துக்கிட்டு வாரேன். இப்ப அழுவா, இப்ப அழுவா, அழுதா ஆறுதல் சொல்லலாம்னு. ஜன்னல் வழியா வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. வீட்டுக்கு வந்து, "அந்த ஆளு பேசுனத மனசுல வச்சுக்காத தாயி, உன் கதைல ஒரு குத்தமும் இல்ல"ன்னேன். "ரெண்டு எழுத்துப் பிழை இருக்குன்னீங்களேப்பா"ன்னா. சொல்லிட்டு உள்ள போய்ட்டா.

நான் அவ மனசு உடைஞ்சுட்டுன்னுதான் முடிவு பண்ணேன். இனிமே அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாம், எழுதவும் வேண்டாம், நமக்கு எதுக்கு இந்த வம்புன்னு சொல்லிட்டேன். "சரிப்பா"ன்னா. அவ எதுக்கும் சரிப்பாதான். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம மட்டும் ஆடிட்டர் ஆபீசுல வேலை ஜாஸ்தின்னு கிளம்பிருவா. கணக்கு முடிக்கிற நேரம்லா, இருக்கும்னு நெனச்சேன்.

ஒரு மூணு மாசம் போயிருக்கும். கழுகுமலைல ஒரு சடங்கு வீட்ல இலை எண்ணிக்கிட்டு இருக்கேன். பொண்ணோட சித்தி ஒருத்தி வந்து, "அண்ணாச்சி, உங்க மக கதை இந்த மாசம் வந்திருக்கே, படிச்சேன். படிச்சிட்டு அழுதேன்"னா. எனக்கு அப்பத்தான் தெரியும். வெளிய காட்டிக்கிடாம, ஆமாம்மா, தெரியுமேன்னேன். நேரா பஸ் ஸ்டாண்டுக் கடைல போய் வாங்குனேன். இந்தா, பையிலதான் வச்சிருக்கேன். பாருங்க, பேரு போட்டிருக்கு. செண்பகவல்லின்னு. எங்கிட்டச் சொல்லல. உலகம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லல.

படிச்சேன் தம்பி. அப்பாவக் காணோம். ஒரு வரில கூட இல்ல.

கதை என்னன்னா, ஒண்ணுமே இல்ல. ஒரு வீடு. அம்மாவும் மகளும் இருக்காங்க. டி.வி. ஓடுது. மக நாற்காலில காலத் தூக்கி வச்சிருக்கா. அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே பாடுதா. தெருமுனைல ஒரு மொபெட் சத்தம் திரும்புது. அம்மா பாட்ட நிப்பாட்டுதா. மக காலக் கீழ இறக்குதா, டி.வி. சத்தத்தக் கொறைக்கா. கடைசில பாத்தா அது வேற யாரோட வண்டியோ, வீட்டத் தாண்டிப் போயிருது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிக்காங்க. அம்மா விட்ட எடத்துலேருந்து பாடுதா. முடிஞ்சுபோச்சு. ஒரு சண்டை இல்ல, ஒரு சாவு இல்ல. இதுல எங்க இருக்கு கதை? அந்தச் சித்தி எதுக்கு அழுதா? எனக்கு விளங்கல.

கோவத்துல அந்த ஞானதுரைக்குப் போனப் போட்டேன். அப்பாவ வெளிய அனுப்பியாச்சுவே, இப்பச் சந்தோசமான்னு கேட்டேன். அந்த மனுசன் பதிலுக்கு ஒரு வார்த்தை ஏசல. "படிச்சிட்டீங்களா? எப்படி இருந்துச்சு, சொல்லுங்க"ன்னாரு. வாயில வச்ச மாத்திரத்துல சொல்லுறவன் நான். ஒண்ணும் வரல தம்பி. அவரு காத்துக்கிட்டே இருக்காரு. நான் போன வச்சுட்டேன்.

அப்புறம் திரும்பத் திரும்பப் படிச்சதுல ஒரு குத்தம் மாட்டுச்சு. அம்மா பாடுதான்னு எழுதியிருக்கால்லா? அது பொய். உலகம்மா பாட மாட்டா. அத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா? கோயில்ல கூட உதட்ட அசைக்க மாட்டா. சரி, வசமா மாட்டுனா, இத மககிட்டச் சொல்லணும், இட்டுக்கட்டி எழுதாதன்னு சொல்லணும்னு நெனச்சேன். சொல்லுறதுக்கு முன்னால நிச்சயப்படுத்திக்கிடணும்லா?

நம்மகிட்டயும் ஒரு மொபெட்டுதான். காய்கறி மூட்டை ஏத்தி ஏத்திப் பழசான வண்டி. டபடபன்னு தெருவே அதிரும். போன வெள்ளிக்கிழம எம் மக போன் பண்ணா, எத்தன மணிக்கு வருவீங்கன்னு. எட்டாகும்னேன். ஏழுக்கே தெருமுனைக்கு வந்துட்டேன். வண்டிய ஆப் பண்ணிட்டுத் தள்ளிக்கிட்டே போறேன். எதித்த வீட்டுக்காரரு, "என்ன அண்ணாச்சி, பெட்ரோல் தீந்துட்டா?"ங்காரு. ஆமான்னேன். வாசலுக்குப் பக்கத்துல, முருங்கை மரத்தடில நிறுத்துனேன்.

டி.வி. ஓடிக்கிட்டு இருந்துச்சு. சத்தமா. அதுக்கு மேல இன்னொரு சத்தம். உலகம்மா பாடுதா தம்பி.

நல்லாப் பாடுதா. இழுக்க வேண்டிய எடத்துல இழுத்து, நிப்பாட்ட வேண்டிய எடத்துல நிப்பாட்டி. எம் மக நடுவுல ஏதோ சொல்லுதா, உடனே ரெண்டு பேரும் சிரிக்காங்க. உலகம்மா அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்க மாதிரி ஒரு சிரிப்பு. யாரோ வேற வீட்டுக்கு வந்துட்டோம்னு தோணிட்டு எனக்கு. எம் வீட்டு வாசல்ல நிக்கேன், உள்ள போக முடியல. போனா நின்னுரும்லா?

என்ன செய்ய? வண்டியத் திருப்பித் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன். அங்க நின்னு ஸ்டார்ட் பண்ணி, எப்பவும் போல வந்தேன். வீட்டுக்குள்ள நுழையுதேன், டி.வி. சத்தம் கொறைஞ்சு கிடக்கு. எம் மக கால மடக்கி உக்காந்திருக்கா. "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"ங்கா உலகம்மா. உக்காந்து சாப்பிட்டேன். அன்னைக்குக் கொழம்புல ஒரு குத்தமும் சொல்லல நான். அதுக்கு ரெண்டு பேரும் பயந்துபோய் என்னையவே பாக்காங்க. உடம்பு சரியில்லையான்னு கேக்காங்க.

மறுநாள் வண்டிய மெக்கானிக்கிட்ட விட்டேன். சத்தத்தக் கொறைச்சுக் குடுப்பான்னு. அவன் ஓட்டிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, வண்டில ஒரு கோளாறும் இல்ல, நல்லாத்தான் ஓடுது"ங்கான். அதனால என்ன, நீ கொறைன்னேன். இன்னும் குடுக்கல. அதான் பஸ்ஸு.

எல்லாத்துக்கும் காரணம் அந்தத் தபாலாபீசு மனுசன்தான். அவரு பாட்டுக்கு நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டுப் போயிருந்தா, எம் பிள்ளை லட்டுக் கதை மாதிரி இன்னும் பத்து எழுதியிருக்கும். நானும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

ஒரு நிமிசம் தம்பி, போன் அடிக்கி. சொன்னேன்லா, டயத்துக்கு வந்துரும்.

ஆங், சொல்லு தாயி... ஆமா, வேலை பேசியாச்சு... இல்ல, இன்னும் சங்கரன்கோயில்லதான் இருக்கேன். பஸ்ஸே கிடைக்கல. நேரமாகும்... ஒம்பதாகும், அதுக்கு மேலயும் ஆகும். நீங்க சாப்பிட்டுருங்க... சரி... மெதுவாத்தான் வருவேன். வச்சிருதேன்.

என்ன பாக்கீங்க? ஆமா, அந்தா கோயில்பட்டிதான், லைட்டு தெரியுது. பஸ் ஸ்டாண்டுல டீக்கடை பெஞ்சு இருக்கு, உக்காந்துக்கிடுவேன். எனக்கு இப்ப வீட்ல என்ன அவசர வேலை?

இந்தப் பத்திரிகைய நீங்களே வச்சுக்கிடுங்க. இல்ல இல்ல, வாங்கிக்கிடுங்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. நாப்பத்திரெண்டாம் பக்கம். எம் மக பேருக்குக் கீழ அவ நம்பரு போட்டிருக்கு பாருங்க. படிச்சுப் பாத்துட்டு, நல்லாருந்தா அவகிட்ட ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொல்லிருங்க தம்பி. நான் குடுத்தேன்னு சொல்லிராதீங்க. நான் சொன்னா, கை அசந்துரும்.